சுவருக்குப் பின்னால் ஒரு 'காலி'

எடையக்கா என்றால்தான் எங்கள் ஆய்வகத்தில் ஆளைத் தெரியும். வாயுவை எடை போடுவது அவள் வேலை. தடித்த எஃகுக் கலத்தை உலையில் நானூறு டிகிரிக்குச் சூடேற்றி, அதற்குள் வாயுவைப் பேரழுத்தத்தில் ஏற்றி, வால்வை மூடி, ஆறியதும் தராசில் வைப்பாள். வெறுங்கலத்தின் எடையைக் கழித்து, கலத்தின் கொள்ளளவால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். "காத்தை நிறுத்துச் சம்பளம் வாங்குற ஒரே ஆள் நான்தான்" என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வாள்.

அளந்து முடித்த வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் பம்ப், தடுப்புச் சுவருக்குப் பின்னால் இருந்தது. அதை ஓட்டியவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். கலத்தின் மூடியைத் திறக்குமுன் "காலியா அண்ணே?" என்பாள். "காலி" என்று குரல் வரும். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் முகமும் கண்ணும் இத்தனை வருடம் தப்பித்தன.

போன மழைக்காலத்தில் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். பம்புக்கு இந்தப் பக்கமே பொத்தான் வைத்தார்கள். அக்கா கேட்பதை மட்டும் விடவில்லை. பழக்கதோஷம் என்று, அவளுக்கு உதவியாக நிற்கும் நானும் விட்டுவிட்டேன். ஆனால் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கமாட்டாள். காதைச் சாய்த்து, தலையாட்டி, அப்புறம்தான் ஸ்பேனரை எடுப்பாள்.

அன்று அழுத்தமானியின் முள் பூஜ்யத்தில் நின்றது. வழக்கம்போலக் கேட்டாள், தலையாட்டினாள்.

"யாருக்குக்கா தலையாட்டுறீங்க?"

"காலின்னாரே, உனக்குக் கேக்கல?"

நான் அவள் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டேன். "எனக்காக ஒரு தடவை தராசுல வச்சுப் பாத்துட்டுத் திறங்கக்கா."

"பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தபடி வால்வை மூடி, கலத்தைக் கழற்றித் தராசில் வைத்தாள். எடை குறையவே இல்லை; வாயு அப்படியே உள்ளே இருந்தது. கலத்துக்கும் அழுத்தமானிக்கும் நடுவே உள்ள குழாய் அடைத்துக்கொண்டதில் முள் பொய் சொல்லியிருக்கிறது. திறந்திருந்தால் மூடி அவள் முகத்தைப் பெயர்த்திருக்கும்.

இன்னும் ஓடிக்கொண்டிருந்த பம்பை நிறுத்தினேன். யாரும் 'காலியா' என்று கேட்கவில்லை. சுவருக்குப் பின்னாலிருந்து, சளி கட்டிய ஆண் குரல் ஒன்று, இந்தத் தடவை என் காதிலும் விழுந்தது.

"காலி."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குப் பயமே இல்லை.

"அவரு கலத்தைச் சொல்லலடி" என்றாள். "தான் காலி, இனி இல்லைன்னு தன்னைச் சொல்லியிருக்காரு. எனக்குத்தான் உறைக்கல."

சுவரருகே போய் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள்.

"தெரிஞ்சுபோச்சுண்ணே. இனிமே கேக்க மாட்டேன். நீ போ."

சாவு வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.