தூண் நின்ற இடம்

மேச்சி ஆற்றங்கரையில் நேபாளத்தின் எல்லைத் தூண் ஒன்றைப் பதினெட்டு வருடங்களாகக் காத்தவர் தர்மலால் ராஜ்பன்சி. புல் வெட்டுவார், சுண்ணாம்பு அடிப்பார், தூணிலிருந்து பத்து கஜத்துக்குள் யாரும் குடிசை போடாமல் பார்த்துக்கொள்வார். பக்கத்து வீட்டு மங்கலியின் மாட்டுக்கொட்டிலைக்கூட அவர்தான் நின்று பிரிக்க வைத்தார்.

போன மழையில் ஆறு தூணையும் அவர் வீட்டையும் சேர்த்து அடித்துக்கொண்டு போயிற்று. வெள்ளம் வடிந்தபோது மிஞ்சிய ஒரே மேட்டில் அவசரமாக ஒரு மூங்கில் குடிசை போட்டுக்கொண்டார். இப்போது தூணை மறுபடி நட, இரண்டு நாட்டு நில அளவைக்காரர்களும் வந்து பழைய தூண் நின்ற இடம் எது என்று அவரிடம் கேட்டார்கள்.

"பத்து கஜம் தள்ளிக் காட்டுய்யா. ஆத்தோட போன தூணு எந்திரிச்சு வந்து சாட்சி சொல்லப்போகுதா?" என்று மனைவி சோனமதி காதோரம் முணுமுணுத்தாள்.

வேலியோரம் நின்ற மங்கலி, "என்னண்ணே, சட்டம் எம் மாட்டுக்கு மட்டுந்தானா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

தர்மலால் குடிசைக்கு நாலடி முன்னால் போய் நின்று குதிகாலால் மண்ணைக் கீறினார்.

"இங்கதான் சார்."

அளவைக்காரர் நாடாவை இழுத்துப் பார்த்தார். "பெரியவரே, உங்க வீடு பத்து கஜத்துக்குள்ள வருதே?"

"வருது. தெரியும்."

அன்று மதியமே அவர் கூரையைப் பிரிக்க ஏறினார். சோனமதி கீழே நின்று வைக்கோலை வாங்கி அடுக்கினாள். எங்கே போவது என்று இருவருக்குமே தெரியவில்லை.