மூன்றாம் நம்பரின் சூடு

இசக்கியின் வேலை போனது என்னால். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. செய்தவன் நான். செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றவனும் நான்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட... உங்களிடம் சொல்கிறேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது.

ஒரகடத்தில் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஆள் நான். ஒயர் இழுப்பது, பைப் அடிப்பது, பல்பு மாற்றுவது என் வேலை. வீடு வடக்குப்பட்டில். படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அதை நான் பெரிய குறையாக நினைத்ததில்லை. என் குறை கூச்சம். கேன்டீனில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கக் கூச்சப்பட்டு, மிச்சச் சோற்றை வெறுமனே தின்றுவிட்டு எழுந்து வருகிற ஆள். சிரித்தாலும் பரவாயில்லை. நடந்ததெல்லாம் அந்தக் கூச்சத்தில்தான் தொடங்கியது.

பிளாஸ்டிக் குருணையை உருக்குவதற்கு முன்னால் அதிலுள்ள ஈரத்தை எடுக்க வேண்டும். அதற்காக எங்கள் ஷெட்டில் ட்ரையர்கள் பீரோ மாதிரி வரிசையாக நிற்கும். தட்டுகளில் குருணையைப் பரப்பி உள்ளே வைத்து எண்பது டிகிரியில் காயவைப்போம். சூடு குறைந்தால் ஈரம் தங்கிவிடும், வார்த்த பாகத்தில் வெள்ளிக் கோடுகள் விழும். சூடு கூடினால் குருணை மஞ்சளாகிவிடும். கூட்டவும் குறைக்கவும் ஒவ்வொரு ட்ரையரிலும் ஒரு குமிழ் உண்டு. அந்தக் குமிழ்களைப் பார்த்துக்கொள்வது இசக்கியின் வேலை.

இசக்கி தெற்கத்திப் பையன், திசையன்விளைப் பக்கம். பென்னலூரில் நாலைந்து பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தான். கான்ட்ராக்ட் ஆள்தான். ஆனால் அவனைப் போலக் கவனமாக வேலை செய்கிறவனை நான் பார்த்ததில்லை. ட்ரையர் கதவைச் சாத்திவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பான். நாலடி போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொருமுறை இழுத்துப் பார்ப்பான்.

முன்பெல்லாம் ஒவ்வொரு ட்ரையர் கதவிலும் முள் வைத்த மானி ஒன்று இருந்தது. அவை பழசாகிவிட்டன என்று புதிதாக ஒரு போர்டு வாங்கினார்கள். எல்லா ட்ரையர்களின் சூடும் ஒரே திரையில் வரிசையாகத் தெரியும். மாட்டும் பொறுப்பு நந்தினி மேடத்துக்கு. அவர் எங்கள் இன்ஜினியர், வயதில் சின்னவர். அவருக்குக் கையுதவிக்கு நான்.

சூட்டை அளக்கும் சென்சார்கள் எல்லாம் ஒரே அச்சு. விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை உலோகக் குச்சி, பின்னால் ஒயர் வால். நான் பழகிய வேலையில் ஒவ்வொரு மானிக்கும் தனி ஒயர் ஓடும். சந்தேகம் வந்தால் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனால் உரிய இடத்துக்குப் போய்விடலாம். இதில் அப்படியில்லை. எல்லா வால்களும் ஒரே கேபிளில் போய்ச் சேருகின்றன.

"ஒரே கேபிள்ல எல்லாம் பேசினா கலந்துடாதா மேடம்?" என்று கேட்டேன். அன்றைக்கு நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"கலக்காதுண்ணா. ஒவ்வொண்ணும் செய்யும்போதே உள்ள ஒரு நம்பர் போட்டுத்தான் அனுப்பறாங்க. ஒண்ணோட நம்பர் இன்னொண்ணுக்கு இருக்காது. போர்டு அந்த நம்பரைச் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்டது மட்டும் பதில் சொல்லும், மத்ததெல்லாம் சும்மா இருக்கும்."

பக்கத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த இசக்கி தலையைத் திருப்பினான். "அப்போ இதுவளுக்கும் ஆதார் கார்டு உண்டும்னு சொல்லுங்க மேடம்!"

மேடம் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த நம்பரைக் குச்சியின் மேல் எழுதியிருக்காது. அதனால் ஒரு சென்சாரை மட்டும் மாட்ட வேண்டும், போர்டு அதன் நம்பரைப் படிக்கும், மேடம் அதற்கு 'ஒன்று' என்று பெயர் கொடுப்பார். உடனே நான் ஒயரில் டேப் ஒட்டி ஒன்று என்று எழுத வேண்டும். பிறகு அதைக் கழற்றிவிட்டு அடுத்தது. "ஒவ்வொண்ணாதாண்ணா. மாறிடக் கூடாது" என்று அவர் பலமுறை சொன்னார். அப்படியே செய்தேன். அதுவரைக்கும் தப்பில்லை.

பிறகு ஒயர்களைப் பைப்புக்குள் விட்டு ட்ரையர்களுக்கு இழுத்தேன். வளைவில் ஒயர் சிக்காமல் இருக்கச் சோப்புத் தண்ணீர் தடவி இழுப்பது எங்கள் வழக்கம். அன்றும் தடவினேன். மறுமுனையில் இரண்டு ஒயர்கள் மொட்டையாக வந்தன. டேப்புகள் சோப்பில் வழுக்கிப் பைப் வாயிலேயே சுருண்டு கிடந்தன. ஒன்றில் மூன்று. இன்னொன்றில் நான்கு.

எது எதனுடையது?

மேடத்தைக் கூப்பிட்டிருக்கலாம். "மேடம், டேப் உரிஞ்சிடுச்சி, ரெண்டையும் இன்னொரு வாட்டி பாத்துடலாம்" என்று சொல்லியிருந்தால் கொஞ்ச நேர வேலை. ஆனால் அவர் அப்போது சூப்பர்வைசரோடும் இன்னும் நாலு பேரோடும் திரைக்கு முன்னால் நின்றிருந்தார். அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள்... சோப்பு போட்டாயா என்று யாராவது கேட்பார்கள்...

டேப்புகளைத் துடைத்தேன். இதுவாகத்தான் இருக்கும் என்று ஒன்றில் மூன்றை ஒட்டினேன். மற்றதில் நான்கு. ட்ரையர்களில் செருகினேன். திரையில் எல்லா எண்களும் வரிசையாக எரிந்தன. "சூப்பர்ணா!" என்றார் மேடம். தலையைக் குனிந்துகொண்டேன்.

மாற்றி ஒட்டியிருந்தேன்.

அதனால் என்ன ஆகும் என்று எனக்கு அப்போது தெரியாது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். திரையில் 'மூன்று' என்று தெரிவது உண்மையில் நான்காம் ட்ரையரின் சூடு. 'நான்கு' என்று தெரிவது மூன்றின் சூடு. ஒருநாள் மூன்று குறைவாகக் காட்டியது. இசக்கி மூன்றின் குமிழைக் கூட்டினான். நிஜ மூன்று சூடேறியது. அது திரையில் நான்கின் பெயரில் ஏறியது. நான்கு ஏறுகிறதே என்று அவன் நான்கைக் குறைத்தான். நிஜ நான்கு ஆறியது. திரையில் மூன்று இன்னும் இறங்கியது! அவன் மறுபடி மூன்றைக் கூட்டினான்...

அசட்டையான ஆளாக இருந்தால் குமிழைத் தொடாமல் விட்டிருப்பான். பெரிதாக ஒன்றும் கெட்டிருக்காது. இசக்கி நிமிடத்துக்கு நிமிடம் பார்த்தான், பார்த்துப் பார்த்துத் திருத்தினான். அவனுடைய கவனம்தான் குருணையைக் கெடுத்தது.

அவன் என்னிடம் வந்தான். ஆமாம், வந்தான். இதைத்தான் சொல்ல முடியாமல் இத்தனை நாள்...

"அண்ணே, மூணாம் நம்பரு பிடிவாதம் புடிக்கு. எவ்வளவு கூட்டினாலும் ஏறமாட்டேங்கு. ஆனா கதவுல கைய வச்சா சுடுது. போர்டுல ஏதும் கோளாறு இருக்குமாண்ணே?"

அந்த இரண்டு டேப்புகளும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"கைய வெச்சிப் பாத்துகினு இன்னாபா வேல செய்ற? போர்ட பாத்து செய்யி. போர்டு பொய் சொல்லாது."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். வயதில் பெரிய அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் போனான்.

மூன்றிலிருந்து மஞ்சள் குருணை வந்தது. நான்கின் குருணையில் வார்த்த பாகங்கள் வெள்ளிக் கோடுகளோடு வந்தன. சூப்பர்வைசர் ஷெட் அதிரக் கத்தினார். "இன்னாடா இது? ஒண்ண வறுத்து வெச்சிக்கீற, ஒண்ண ஊற வெச்சிக்கீற! கண்ண எங்க வெச்சிகினு வேல செய்ற?"

"சார், போர்டு காட்டினதுக்குத்தான் திருகினேன்..."

"போர்டு மேல போடாத!"

நந்தினி மேடம் நியாயமானவர். சென்சாரைச் சோதித்துவிடலாம் என்றார். எல்லாக் குச்சிகளையும் ட்ரையர்களிலிருந்து உருவி, ஒன்றாகச் சேர்த்து ஒரே பாத்திரம் வெந்நீரில் முக்கினார். திரையில் எல்லாம் ஒரே எண்ணைக் காட்டின. ஒன்றுகூடப் பிசகவில்லை. "எல்லாமே சரியாத்தான் இருக்கு சார்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது.

எப்படிப் பிசகும்? எல்லாம் ஒரே தண்ணீரில் கிடக்கும்போது மூன்று எது நான்கு எது என்று எப்படித் தெரியும்? மூன்று என்று எழுதிய குச்சியை மட்டும் முக்கியிருந்தால் போதும், திரையில் நான்கு ஏறியிருக்கும்.

வெந்நீர்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது யார் தெரியுமா? நான்தான். இசக்கி எனக்கு எதிரே நின்றான். அவன் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நீங்களாவது ஏதாவது சொல்லுங்கண்ணே என்பது போல. நான் தண்ணீரைப் பார்த்தேன்.

மறுநாள் முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஊருக்குப் போகுமுன் வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க வேண்டும் என்றான். என் வண்டியில்தான் கூட்டிப் போனேன். வழியெல்லாம் பேசினான். அவன் அக்கா வீட்டுக்காரருக்கு ஊரில் மளிகைக் கடை இருக்கிறதாம், போய் அங்கே நிற்பானாம். கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினேன். சொல்லிவிடலாம் என்று நெஞ்சு வரை வந்தது.

"இசக்கி..."

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லபா. செருப்ப பாத்து வுடு, எவனாவது போட்டுகினு பூட போறான்."

உள்ளே அவன் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றான். நான் அவனுக்குப் பின்னால் நின்றேன். என்ன கேட்பது? எந்த முகத்தோடு கேட்பது?

அவன் போன மறுநாள், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். மூன்றாம் ட்ரையரிலிருந்து குச்சியை உருவினேன். துணி சுற்றி ஆறவிட்டு, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு திரையைப் பார்த்தேன். நான்கு இறங்கிவந்து, என் உடம்புச் சூட்டில் நின்றது. மூன்று அசையவே இல்லை.

இவ்வளவுதான் சோதனை. முதல் நாளே கைக்குள் வைத்துப் பார்த்திருந்தால் போதும்!

இரண்டு குச்சிகளையும் இடம் மாற்றிச் செருகி, டேப்புகளையும் மாற்றி ஒட்டினேன். யாரும் பார்க்கவில்லை. நல்ல காரியம் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அதில்தான் அவனுக்குக் கடைசி அடியை அடித்தேன்.

அன்றிலிருந்து ட்ரையர்கள் ஒழுங்காக ஓடின. புதிதாக வந்த ஆள் குமிழைச் சரியாகப் பார்ப்பதுகூட இல்லை, ஆனாலும் குருணை நன்றாகக் காய்ந்தது. சூப்பர்வைசர் எல்லோரிடமும் சொன்னார், என்னிடமும் சொன்னார்: "பாத்தியா? ஆளு போனான், மெஷின் சரியாயிடுச்சி."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இசக்கி இன்னும் எனக்கு போன் செய்கிறான். அந்தக் கம்பெனியில் தனக்கு இருந்த ஒரே நல்ல மனிதன் நான்தானாம். போன முறை பேசும்போது சொன்னான்: "திருப்பூர்ல ஒரு மெஷின் வேலைக்குக் கூப்பிட்டாவண்ணே. போகல. எனக்கு என் கண்ணு மேலயே நம்பிக்கை இல்ல. இப்போ கடையில தராசுல நிறுத்துட்டு, சரிதானான்னு மச்சான்கிட்ட கேட்டுக்கிடுதேன். நான்தான் அன்னைக்கு எங்கேயோ விட்டிருக்கேன். இல்லேன்னா கெட்டிருக்காதுல்லா?"

இங்கே நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். உங்களிடம் முதல் வரியிலேயே சொன்னேனே, அதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவனே பேச்சை மாற்றினான். ஒவ்வொரு முறையும் கேட்பதைத்தான் கேட்டான்.

"ட்ரையரெல்லாம் இப்போ நல்லா ஓடுதாண்ணே?"

"ஓடுதுபா" என்றேன். "நல்லா ஓடுது."