மூன்றாம் பொத்தானில் ஓர் இருமல்

களமசேரியில் இப்போது நாங்கள் இருக்கும் அடுக்ககத்தின் லிஃப்டில் ஒரு பெண் குரல் உண்டு. மாடி எண்ணைச் சொல்லும், கதவு மூடப்போகிறது என்று எச்சரிக்கும். போன வாரம் மின்சாரம் தடுமாறிய ஒரு மதியத்தில் அந்தப் பெண் எண்ணைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் ஆணாகி, பிறகு தொண்டை கட்டிய கிழவராகி நின்றுபோனாள். கூட இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானோ தக்காளிப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கதவு திறந்ததும் என் மாடிதானா என்றுகூடப் பார்க்காமல் இறங்கினேன். என் மாடி இல்லை. மிச்சம் இரண்டு மாடி படியேறினேன்.

நாற்பத்தைந்து வயதில் லிஃப்டுக்குப் பயமா என்று கேட்பீர்கள். லிஃப்டுக்கு இல்லை. குரல் அப்படி இழுபட்டுத் தடிப்பதை நான் இதற்கு முன் ஓர் இயந்திரத்தில் கேட்டிருக்கிறேன். அதோடு இரண்டு வருடம் குடித்தனம் நடத்தினேன் என்றே சொல்லலாம். கட்டினவரோடு அதுவரை சேர்ந்தாற்போல் அவ்வளவு நாள் இருந்ததில்லை.

அப்போது கொச்சியில் மட்டாஞ்சேரியில், பஜார் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், நபீசா இத்தா (இத்தா என்றால் அக்கா) குடியிருந்த வீட்டு மாடியில் நானும் ஐந்து வயது மகளும் இருந்தோம். என் வீட்டுக்காரர் கம்பத்திலிருந்து கொத்தனார் வேலைக்கு வந்து, என்னையும் கூட்டிவந்து, இரண்டாம் வருடமே ஷார்ஜாவுக்குப் போய்விட்டார். நான் ஒரு ஹோம்ஸ்டேயில் படுக்கை விரித்து, துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். அங்கே தங்கிய வெளிநாட்டுப் பையன் ஒருவன் படகுச் சத்தம், காக்காய்ச் சத்தம் என்று பிடித்துக்கொண்டே திரிவான். ஊருக்குப் போகும்போது ஒரு பெட்டியை அலமாரியில் விட்டுவிட்டுப் போனான். எழுதிக் கேட்டதற்கு, வேண்டாம், யாராவது வைத்துக்கொள்ளட்டும் என்று பதில் வந்ததாம். முதலாளியம்மா, "கொச்சுக்கு விளையாடக் கொடு" என்று என் மகளைச் சொல்லி என் கையில் திணித்தார்.

சாம்ப்ளர் என்று அதற்குப் பெயர் என்பதெல்லாம் மகள் பெரியவளாகிச் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு எனக்கு அது ஒரு பெட்டி, அவ்வளவுதான். டிபன் டப்பா அளவு. மேலே எட்டு ரப்பர் பொத்தான்கள், ஓரத்தில் ஒரு திருகு, மைக்குக்கு ஊசிமுனை ஓட்டை. சத்தத்தைப் பிடித்து ஒரு பொத்தானில் வைத்தால், அமுக்கும்போதெல்லாம் அதைச் சொல்லும். ஆனால் நல்ல குரலும் தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல்தான் வரும். பழைய டேப் ரிக்கார்டரில் ஒயரைச் செருகினால்தான் அந்தச் சத்தமும் கேட்கும். பிடித்ததைக் காப்பாற்ற இரண்டு பொத்தானை அமுக்கிக்கொண்டே மூன்றாவதைத் தட்ட வேண்டும். விரல் ஒன்று பிசகினால் பிடித்தது அழிந்துவிடும், அழிக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்காது. ஆறு பேட்டரியைப் பத்தே நாளில் தின்றுவிடும். மொத்தமே சில நொடிச் சத்தத்துக்குத்தான் அதில் இடம். ஓரத்துத் திருகில் சேலை உரசினால் போதும், குரல் பூனையாகும் அல்லது பூதமாகும். இதையெல்லாம் சொல்லித்தர ஒரு துண்டுச் சீட்டும் கூட இல்லை. ஒவ்வொன்றையும் தொலைத்துத் தொலைத்தே கற்றுக்கொண்டேன்.

முதலில் மகளுடைய சிரிப்பைத்தான் பிடித்தேன். அவள் பொத்தானை அமுக்குவாள், பெட்டி சிரிக்கும், அதைக் கேட்டு அவளும் சிரிப்பாள். சோறு ஊட்ட ரொம்ப வசதியாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் செல்வம் வர ஆரம்பித்தார். என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவர், பள்ளுருத்தியில் அறை எடுத்திருந்தார். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். நான் அண்ணே என்பேன், அவர் தங்கச்சி என்பார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நாலு மணிக்கு முன்னால், நான் வேலை முடிந்து திரும்பியிருக்கும் மூன்று மணிக்குச் சரியாக வருவார். எதிரே வற்றல் மிளகாய்க் கிடங்கில் சுமை தூக்குகிறவர்கள் அந்த ஒரு மணி நேரம்தான் கண்ணயர்வார்கள். சந்தே ஓய்ந்து கிடக்கும்.

முதல் வாரம் படிக்கட்டின் கீழே நின்று, "மாப்ள போன் பண்ணானா?" என்றார். அடுத்த வாரம் மேல்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அதற்கடுத்த வாரம் நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டு, நான் அந்தக் கைக்கு அடியில் குனிந்து செம்பை வாங்கும்படி நின்றார். "என்ன தங்கச்சி, கதவ அடச்சே வெச்சிருக்க? நான் என்ன அன்னியனா?" என்று சிரித்தார். புகார் சொல்ல ஒன்றுமே இல்லை பாருங்கள். தண்ணீர் கேட்டார், சிரித்தார், அவ்வளவுதான். வீட்டுக்காரரிடம் போனில் சொன்னால், "நீ எதுக்குக் கதவத் தொறந்த?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். மூன்று மணி ஆனால் தாழ்ப்பாளைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். படியில் எலி ஓடினாலும் எழுந்து நின்றுவிடுவேன்.

வீட்டில் ஓர் ஆண் இருந்தால் வரமாட்டார் என்று தோன்றியது. ஆணுக்கு எங்கே போக? அப்போதுதான் எதிர்க்கிடங்கில் மிளகாய்ச் சாக்கை உதறினார்கள். யாரோ இருமினார்கள். அடிவயிற்றிலிருந்து வந்த, நல்ல கனமான ஆண் இருமல். பெட்டியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன்.

நான்கு நாள் முயன்று பிடித்தேன். காப்பாற்றப் பார்த்தால் பெட்டியில் இடமில்லை. ஏதாவது ஒன்றை அழித்தாக வேண்டும். அந்தப் பையன் விட்டுப்போன சத்தங்களைவிட மகளின் சிரிப்புதான் நீளமாக இருந்தது. அழித்தேன். அன்றைக்கு அவள் சோறு சாப்பிடவில்லை, நானும்தான்.

அடுத்த முறை செல்வம் வந்தபோது கதவைத் திறக்காமல், "அவரோட சித்தப்பா வந்திருக்காருண்ணே, காய்ச்சல்ல படுத்திருக்காரு" என்று சொல்லி மூன்றாம் பொத்தானை அமுக்கினேன். இரண்டு சின்ன இருமல், ஒரு நீள இருமல். அவர் செருப்புச் சத்தம் கீழே இறங்கிப் போயிற்று. தரையில் உட்கார்ந்து பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஆனால் பயம் விடவில்லை, ஒன்று இரண்டாயிற்று. முன்பு செல்வத்துக்கு மட்டும் பயந்தேன். இப்போது பேட்டரி தீர்ந்திருக்குமோ, ஒயர் கழன்றிருக்குமோ, கைதவறி அழித்திருப்பேனோ என்றும் பயந்தேன். ஒருநாள் அவசரத்தில் முழங்கை திருகில் பட்டுவிட்டது. சித்தப்பா எருமைமாடு கனைப்பதுபோல் இருமினார்.

வெளியே செருப்புச் சத்தம் கதவை ஒட்டி வந்தது. பிறகு, "என்ன தங்கச்சி, ரொம்ப முடியலபோல? தொற, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவோம்" என்று கதவைத் தள்ளினார். தாழ்ப்பாள் ஆடியது.

"வேணாண்ணே! டிபியா இருக்கும்னு சொல்றாங்க. தள்ளி நில்லுங்க!"

தள்ளி நின்றார். இல்லாத சித்தப்பாவுக்கு இல்லாத வியாதியைக் கொடுத்துவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்தபடி நாலு மணி வரை அங்கேயே நின்றேன்.

இரண்டு நாள் கழித்து மூன்றரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தட்டியது நபீசா இத்தா. பாலக்காட்டில் தமிழ் பேசும் ராவுத்தர் வீட்டுப் பெண், கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மட்டாஞ்சேரி வாசி. உள்ளே வந்து, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் பேசினார். இருமலை அவர் சொமை என்பார்.

"மோளே, கொஞ்ச நாளா மேல ஒரு ஆம்பள சொமைக்கிற சத்தம் கேக்குது. ஆரோட சொமைன்னு எனக்குத் தெரியும். ரெண்டு சின்னது, ஒண்ணு நீளம். கடைசில 'ஈசோயே'ன்னு மட்டும் கேக்கல. கிடங்கு அந்தோணிச் சேட்டன்தான அது? மூணு மக்க இருக்கு அவனுக்கு. ஞாயிறு தவறாம சர்ச்சுக்குப் போற ஆளு. உனக்கு எப்படி மனசு வந்துச்சு? நாளைக்கே வீட்ட ஒழிஞ்சு தரணும்."

அந்தச் சந்தில் ஒருவர் இருமல் இன்னொருவருக்குத் தெரியும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. பெட்டியில் இடம் போதாமல் வெட்டிவிட்ட, இயேசுவே என்கிற அந்த 'ஈசோயே' உட்பட, இத்தாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"இத்தா, ஆளு இல்ல, இந்தப் பெட்டிதான்" என்று சொல்லி மூன்றாம் பொத்தானை அமுக்கினேன். பேச்சில்லை. ஒயரைச் சரியாகச் செருகி மறுபடி அமுக்கினேன். அவசரத்தில் விரல் தப்பி, அந்தப் பையன் பிடித்து வைத்திருந்த படகுச் சங்கு அடித்தொண்டையில் ஊளையிட்டது. இத்தா "யா அல்லாஹ்!" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். வீடும் போயிற்று, மானமும் போயிற்று, குழந்தையைக் கூட்டிக்கொண்டு எங்கே போவேன் என்று மனம் அடித்துக்கொண்டது. மூன்றாவது தடவை பெட்டி இருமியது.

அது இருமி முடிப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே நிஜ அந்தோணிச் சேட்டன் தூக்கம் கலைந்து இருமினார். ரெண்டு சின்னது, ஒண்ணு நீளம், "ஈசோயே". இத்தா ஜன்னலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் கேட்டார்: "அது செரி. உனக்கு எதுக்கு ஒரு ஆம்பளச் சொம?"

அதுவரை யாரும் என்னை அதைக் கேட்டதில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவன் படியேறுறது எல்லாத் தடவையும் எனக்குக் கேட்டுச்சு மோளே. நீ அண்ணே அண்ணேங்கிறதால, கூடப்பொறந்தவன்னுல்லே நெனச்சேன்" என்றார். முகம் சிறுத்துவிட்டது அவருக்கு.

அடுத்த வாரம் மூன்று மணிக்கு இத்தா படிக்கட்டின் கீழே ஒரு சட்டி மத்தி மீனையும் கத்தியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். செல்வம் வந்து, அவரைச் சுற்றிக்கொண்டு படியேறினார். நான் பெட்டியைத் தொடவில்லை. கதவை முழுசாகத் திறந்தேன்.

"செல்வம், என்ன வேணும்?"

அண்ணே இல்லை. அவர் அடி வாங்கியவர்போல் பார்த்தார். கீழேயிருந்து இத்தா சந்தே கேட்கும்படி கத்தினார்: "வேணுங்கிறத இவிட வந்து எங்கிட்டச் சொல்லு! மேல ஆம்பள ஆரும் இல்ல! அதுக்குத்தான் நான் கீழ இருக்கேன்!"

எனக்கு உயிரே போய்விட்டது. எதை மறைக்க அவ்வளவு பாடுபட்டேனோ, அதை ஊருக்கே சொல்லிவிட்டார். கிடங்கில் சாக்குமேல் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வாசலுக்கு வந்து நின்றார்கள். செல்வம் இறங்கிப் போனார். அதன்பிறகு வரவில்லை.

வீட்டுக்காரர் ஷார்ஜாவிலிருந்து வந்து நாங்கள் களமசேரிக்கு மாறினோம். பெட்டி உப்புக்காற்றில் கெட்டு, பேட்டரி கசிந்து, ஒருநாள் பேச்சை நிறுத்திக்கொண்டது. காப்பிக்கடையாகிவிட்ட கிடங்கில் இப்போது வெளிநாட்டுக்காரர்கள் காப்பி குடிக்கிறார்கள். இத்தா பாலக்காட்டில் மகன் வீட்டுக்குப் போய் அங்கேயே மௌத்தானார். அந்த வீட்டைப் பூட்டிப் போட்டிருக்கிறார்கள்.

மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமாகிறது. தனியாக ஒரு அறை எடுத்திருக்கிறாள். முந்தாநாள் போனில், வாசலில் விடுவதற்கென்று ஒரு ஜோடி ஆண் செருப்பு வாங்கியிருப்பதாகச் சொன்னாள். பெரிய சைஸாம். வாரம் ஒரு தடவை இடம் மாற்றி வைக்கிறாளாம். விளையாட்டாகத்தான் சொன்னாள். அவளுக்குக் கேட்கக்கூடாது என்று போனைச் சற்று விலக்கி மூச்சு வாங்கிக்கொண்டேன்.

"கீழ் வீட்ல யாரு இருக்காங்க கண்ணு?" என்று கேட்டேன்.

"கீழ வீடு இல்லம்மா, கார் பார்க்கிங்" என்றாள்.