எங்கடை பரம்பரையிலை இழுப்பு இல்லை

டென்மார்க்கில் பிள்ளையை வெளியில்தான் நித்திரையாக்குவார்கள். குளிர்காலத்திலும் தள்ளுவண்டியை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு, தாய் உள்ளே இருந்து கோப்பி குடிப்பாள். முதலில் எனக்கு நெஞ்சு பதறியது. இப்போது ஏழு மாத மகளை நானும் அப்படித்தான் விடுகிறேன். விடுமுறைக்குச் சாவகச்சேரிக்கு வந்து, முற்றத்து மாமர நிழலில் வண்டியை விட்டதுதான் தாமதம், அம்மா ஓடி வந்தா. "பச்சைப் பிள்ளைக்குப் பனி பிடிக்கப்போகுது, உனக்கென்ன விசரோ?" உள்ளே கொண்டுபோய், யன்னலெல்லாம் சாத்தி, கடிக்கிற நுளம்புக்குத் திரி கொளுத்திப் புகைய விட்டு, சாம்பிராணியும் பிடிச்சா. சொல்லிச் சொல்லி என்ரை வாய்தான் நொந்தது.

இரண்டொரு நாளில் பிள்ளைக்கு மூச்சு விசிலடித்தது. விலா உள்ளே போய்ப் போய் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பேத்தியைப் பார்க்க அரியாலையிலிருந்து வந்திருந்த மாமி, டென்மார்க்கில் நிற்கும் என் கணவரின் தாய், அவவும் கூட வந்தா. டொக்டர் வீட்டில் புகை உண்டோ என்று கேட்டார். திரியையும் சாம்பிராணியையும் நானே சொன்னேன். "உடனை நிப்பாட்டுங்கோ" என்றவர் அடுத்துக் கேட்டார்: "தாய்க்கோ தகப்பனுக்கோ சின்னனிலை இழுப்பு இருந்ததோ?"

நான் வாய் திறக்க முதல் அம்மா முந்திக்கொண்டா. "சீச்சீ! எங்கடை பரம்பரையிலையே இல்லை, டொக்டர்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சின்ன வயதில் இழுப்போடு குந்தியிருந்து மூச்சுக்கு அந்தரப்பட்டவள் நான். முதுகு தடவிவிட்டவ இதே அம்மாதான். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்த அன்று, நான் மூச்சுக்கு அடிக்கும் பம்பை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தவவும் அவதான். இழுப்புக்காரியை ஆர் கட்டுவினம் என்ற பயம். டென்மார்க்கில் பிள்ளைப்பேற்றுக்குப் போன இடத்தில் இதே கேள்வியைக் கேட்டபோது எனக்கு இருந்தது என்றேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. இவர் தனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்றார். இங்கே பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறது, அம்மா இன்னும் என்ரை கலியாணத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறா!

"பொய், டொக்டர். எனக்கு இருந்தது. கடுமையா இருந்தது."

அம்மா என் கையை நுள்ளினா. மாமி சீலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தா. பிறகு மெல்லச் சொன்னா: "என்ரை பொடியனுக்கும் இருந்தது. நாலு வயசோடை நிண்டிட்டுது. சம்பந்தம் குழம்பிப்போடும் எண்டு ஒருதருக்கும் சொல்லேல்லை. அவனுக்கே தெரியாது."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டு வீட்டாரும் பொத்திப் பொத்தி வைத்ததெல்லாம் இப்போது என் பிள்ளையின் நெஞ்சுக்குள் கிடந்து கத்துகிறது.

மருந்து பிடித்ததும் பிள்ளை தெளிந்தாள். வீட்டுக்கு வந்து வண்டியை முற்றத்துக்குத் தள்ளினேன். அம்மா மற்றப் பக்கத்தால் இழுத்தா. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டினா.

"பிள்ளைக்கு என்னவாம்?"

"சும்மா தடிமன், மூக்கடைப்புத்தான்!" அம்மாவும் மாமியும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஏழு மாதத்திலேயே அவளுக்கும் கலியாணம் பேசத் தொடங்கிவிட்டார்கள். முன்சில்லு முற்றத்திலும் பின்சில்லு வீட்டுக்குள்ளுமாக, வண்டி வாசற்படியில் இறுகி நின்றது. நடுவில் என் மகள் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தாள்.