நான் இடித்த வீடு

சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, திருவண்ணாமலையில் ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடங்களை டிரேசிங் பேப்பரில் வரைந்து கொடுக்கிறேன். எங்கே போனாலும் பட்டியல் போட்டுத்தான் கிளம்புவேன். போன வருஷம் ஒரு பௌர்ணமியன்று மதியம் அம்மாவோடு கிரிவலம் போனபோதும் போட்டேன்: குடை, தண்ணீர், கற்பூரம், புளிசாதம்.

அடி அண்ணாமலை கோயிலைத் தாண்டியதும் பாதையோரம் பலர் கற்களை வீடு போல அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்படிச் செய்தால் சொந்த வீடு அமையும் என்பது நம்பிக்கை. நாங்கள் இருப்பது வாடகை வீட்டில்.

"படிச்சவளாச்சே, நீயே கட்டுடி" என்றாள் அம்மா.

அடியில் வைக்கத் தட்டையான கல் தேடினேன். பக்கத்துக் குவியலில் ஒன்று தெரிந்தது. உருவினேன். மேலே இருந்ததெல்லாம் சரிந்தது.

"ஏம்மா! என் வீட்டை இடிச்சா நீ வீடு கட்டப்போற?"

மரத்தடியில் மல்லாட்டை உரித்து, கடலையைத் தின்றுகொண்டிருந்த ஒரு பெண்மணி ஓடி வந்தார். "மழை வந்தா வீட்டுக்குள்ளதான் ஜாஸ்தி பெய்யுது. அதுக்காக வேண்டிக்கிட்டு இப்பதான் அடுக்குனேன்" என்றார்.

எனக்குக் கூசிப்போனது. மன்னிப்புக் கேட்டு, மட்டம் பார்த்து, முன்னைவிட உறுதியாக அடுக்கினேன். அதற்கு மேல் இன்னொரு அடுக்கும் வைக்கப் போனேன்.

"மாடியெல்லாம் வேணாம்மா, சாமி பயந்துடப் போறாரு. ஒழுகாம இருந்தா போதும்" என்று சிரித்துவிட்டார். எங்கள் வீட்டுக்குக் கல் பொறுக்கித் தந்ததும் அவர்தான்.

இப்போது என் கிரிவலப் பட்டியலில் கடைசி வரி: தட்டைக் கல், நான்கு. பை கனக்கிறது என்று அம்மா முணுமுணுக்கிறாள். இரண்டு எங்களுக்கு. மற்ற இரண்டு, வழியில் யார் வீடாவது சரிந்து கிடந்தால் நிமிர்த்தி வைக்க.