எரியாத ஸ்டார்

ஒரு இடத்தில் உட்காரத் தெரியாத பிள்ளை நான். எட்டு வயதில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமான திருவருகைக் காலத்தில் அது முற்றிப்போய், வாசலுக்கும் அடுப்படிக்கும் அலைந்துகொண்டே இருந்தேன். காரணம் அப்பாவின் கண்.

ராஜபாளையத்தில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறிகள். அப்பா அதில் ஒன்றில் பேண்டேஜ் துணி ஓட்டினார். நவம்பர் கடைசியில், நூலைக் கொண்டு ஓடும் நாடா தறியிலிருந்து தெறித்து அவருடைய இடது கண்ணில் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் தையல் போட்டார். நல்ல கண் அசைந்தால் மற்றதும் சேர்ந்து அசையும் என்று இரண்டையும் கட்டிவிட்டார். மூன்று வாரம் கழித்து அவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். ஊருக்கெல்லாம் பேண்டேஜ் நெய்தவர் தலையைச் சுற்றிப் பேண்டேஜோடு வீடு வந்து சேர்ந்தார்.

மூன்று வாரம் என்பது எனக்கு மூன்று வருஷம். அப்பாவின் முகத்துக்கு நேரே சத்தமில்லாமல் நாக்கைத் துருத்திப் பார்ப்பேன். விரலை ஆட்டிப் பார்ப்பேன். "ஏட்டி, செத்த நேரம் சும்மா இரேன், அவிய தூங்கட்டும்" என்று அம்மா விரட்டுவாள். அம்மாவும் தூங்கவில்லை என்பது அவள் கண்ணைப் பார்த்தாலே தெரியும். கோயிலில் ஞாயிறுதோறும் ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றினார்கள். இருட்டில் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். அவருக்கென்ன, அவருடைய அப்பாவுக்கா கண்ணில் கட்டு என்று எனக்குக் கோபம் வந்தது.

அப்பாவோ கட்டோடு உட்கார்ந்து வழக்கம்போல மூங்கில் பட்டையில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டினார். அறுந்த இழையை விரல் நுனியால் தடவி எடுத்து முடிச்சுப் போடுகிற கை அது. கண் இல்லாமலே ஐந்து முனையும் சரியாக வந்தது. நான் சிவப்புத் தாள் ஒட்டினேன். உள்ளே பல்பு போட்டு வாசலில் தொங்கவிட்டோம். அன்றைக்கே ஒரு நேர்ச்சை வைத்தேன். கட்டு அவிழ்க்கும் நாள் வரை ஒரு மாலை தவறாமல் ஸ்டார் எரிய வேண்டும்; எரிந்தால் அப்பாவுக்கு இரண்டு கண்ணும் தெரியும். நாளெல்லாம் கரண்டு போய்ப் போய் வந்த காலத்தில் இப்படி ஒரு நேர்ச்சை வைத்த கெட்டிக்காரி நானாகத்தான் இருப்பேன்.

அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "கரண்ட நம்புற அளவுக்குக்கூட ஆண்டவர நம்ப மாட்டியா தாயி? என் கண்ணத்தான கட்டிருக்கு. அவரு கண்ணக் கட்டலயே."

எனக்கு அது போதவில்லை. தினமும் ஆறு மணிக்கு நானே சுவிட்சைப் போட்டு, தெருவில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தால்தான் சோறு இறங்கும். எப்படியோ அத்தனை நாளும் மாலையில் கரண்டு இருந்தது. கட்டு அவிழ்ப்பதற்கு முந்தின மாலை, ஐந்தரைக்குப் போனது. ஆறாகியும் வரவில்லை. சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். வாசலுக்கு ஓடினேன், திரும்பி வந்தேன், மறுபடி தட்டினேன்.

உள்ளிருந்து அப்பா கேட்டார். "ஸ்டாரு எரியுதா தாயி?"

"எரியுதுப்பா" என்றேன்.

"எப்படித் தெரியுது?"

"வாசல் பூராம் செவப்பா இருக்கு."

"அப்ப சரி. வா, செபஞ்சொல்லுவோம்."

மெழுகுவர்த்தியோடு வந்த அம்மா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மெழுகுவர்த்தியை வைத்துவிட்டு முழங்காலிட்டாள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டே செபம் சொன்னார். பொய் சொல்லிவிட்ட நான் கையை விடுவித்துக்கொள்ள நெளிந்தேன். அவர் விடவில்லை.

மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். வலது கண் நன்றாகத் தெரிந்தது. இடது கண்ணில் நிழலாட்டம் மட்டும். திரும்பி வரும் பஸ்ஸில் ஆண்டாள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, எம்புட்டு மெலிஞ்சுட்ட என்றார் அப்பா. நான் அழுத அழுகையை சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்தக் கண்ணைப் பறித்தது என் பொய்தான் என்று எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முன் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னேன். ஏமாந்த அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை.

பின்னாளில் கல்லூரி விடுமுறைக்கு நான் வந்திருந்தபோது, ஒரு பட்டப்பகலில், அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று தலை நிமிராமலே, "கரண்டு போயிருச்சு" என்றார். விளக்கும் போட்டிருக்கவில்லை, ஃபேனும் போட்டிருக்கவில்லை, எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தடதடவென்று விடாமல் தறி ஓடும் தெரு மூச்சடங்கிக் கிடந்தது.

அன்று மாலை அப்பா ஸ்டார் எரிகிறதா என்று கேட்டபோதும் தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. அந்த அமைதி எனக்கு மட்டும்தான் கேட்கவில்லை.