வெம்பிளியில் கழற்றிய கார்

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு என் கணவர் ஒரு மோட்டர் ஹோம் வாங்கினார். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டு வாசலில் அது நின்றால் பக்கத்து வீட்டுக்காரிக்கு வெயில் விழாது. அது போதாதென்று, பின்னால் கொளுவி இழுத்துப்போக ஒரு குட்டிக் காரும் வாங்கினார். மாம்பழ மஞ்சள் நிறம், இரண்டே சீற்.

"பெரிசைக் கடற்கரையில நிப்பாட்டிப்போட்டு, சின்னதில கடைக்குப் போய் வரலாம்" என்றார்.

கடற்கரை தெற்கே. முதல் பயணம் புறப்பட்ட காலை, வண்டி வடக்கே திரும்பியது.

"இஞ்சருங்கோ, கடல் அங்காலயெல்லோ?"

"தெரியும். அண்ணைக்கு ஒருக்காக் காட்டிப்போட்டுப் போவம்."

அவருடைய அண்ணை வெம்பிளியில் இருக்கிறார். போன கோடையில் புதுக் கார் வாங்கி, அதைக் காட்டுவதற்காகவே லண்டனைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். இவர் அதை மறக்கவில்லை.

அண்ணையின் தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் கண்டோம், மறுமுனையில் றோட்டைக் கிண்டித் தடுப்பு வைத்திருந்தார்கள். இரு பக்கமும் கார்கள். எங்களுக்குப் பின்னால் பார்சல் கொண்டுவந்த வான் ஒன்று.

"றிவேர்ஸ் எடுங்கோ."

இவர் ஸ்டியறிங்கைப் பார்த்தபடி, மெல்லிய குரலில், "கார் கொளுவியிருக்கேக்க றிவேர்ஸ் எடுக்க ஏலாது. சில்லு தன்ரபாட்டுக்குத் திரும்பிக் குறுக்கால நிண்டிடும்" என்றார்.

"இது முதலே தெரியுமோ?"

"புத்தகத்தில கிடந்தது."

அண்ணை இடுப்பில் கட்டிய சாரத்தோடு வெளியே வந்தார். "என்னடா, றோட்டையே மறிச்சுப்போட்டாய்?" இவர் ஆசைப்பட்ட வரவேற்பு இதுவல்ல. இருவரும் குனிந்து இழுவைச் சட்டத்தின் ஊசியோடு மல்லுக்கட்டினார்கள். அது அசையவில்லை. முன்வீட்டு குஜராத்தி அம்மா ஜன்னலைத் திறந்து ஆங்கிலத்தில் யோசனை சொன்னார். கடைசியில் வான் டிரைவர் இறங்கி வந்து, சுத்தியலால் ஒரே தட்டு. ஊசி கழன்றது.

வான் பின்னால் போய் வழி விட்டதும் இவர் சின்னக் காரின் திறப்பை என்னிடம் தந்தார். "நீர் இதைக் கொண்டுபோய் எங்கயாவது நிப்பாட்டும். நான் பெரிசை வெளியில எடுக்கிறன்."

நான் ஏறி இருந்தேன். மற்றக் கதவும் திறந்தது. அண்ணையின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். கையில் பேக்கும் இருந்தது.

"பார்க்கிங் தேட நானும் வாறன்" என்றா.

முதல் வளைவிலேயே ஓர் இடம் காலியாக இருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தா. "அது எங்களுக்குச் சின்னன்" என்றா. அந்தக் காருக்கு ஒரு சைக்கிள் நிற்கிற இடமே தாராளம்.

முதலில் புடவைக் கடை. பிறகு மசாலா தோசை. இரண்டாவது தோசையில் போன் அடித்தது.

"இன்னும் பார்க்கிங் கிடைக்கேல்லையோ?" என்றார் இவர்.

"சுத்திக்கொண்டிருக்கிறம்" என்றேன். வாய்க்குள் சட்னி. அக்கா சிரிப்பை அடக்கப்போய் தண்ணீர் புரைக்கேறி இருமினா.

திரும்பும்போது மூன்று மணி. இரண்டு தெரு தள்ளி, ஒரு தேவாலயத்து முற்றத்தில் மோட்டர் ஹோம் நின்றது. கோபத்தோடு காத்திருப்பார்கள் என்று பயந்தபடி கதவைத் திறந்தேன். அண்ணையும் தம்பியும் கட்டிலில் குறட்டை. கடற்கரையில் சாப்பிடுவதற்கென்று நான் கட்டிவந்த புட்டும் முட்டைப் பொரியலும் வழித்துத் துடைக்கப்பட்டிருந்தன. மீன் பொரியலில் முள்தான் மிச்சம். ஆளை ஆள் ஏச ஒருவருக்கும் வாய் இல்லை.

அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கினோம். காலையில் அகலமான றோட்டில் காரைக் கொளுவி முடித்தபோது அக்கா சூட்கேஸோடு வந்து மோட்டர் ஹோமில் ஏறினா.

"எங்க போறீர்?" என்றார் அண்ணை.

"கடலுக்கு. நாலு நாள்."

"அப்ப எனக்குச் சாப்பாடு?"

அவர் கேட்டு முடிக்க முதல் இவர் வண்டியை எடுத்துவிட்டார்.